வட்டத்தொட்டியின் ஞாயிறுகள்

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அந்த வீட்டின் நடுவே வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். பின்னாளில் நீதிபதியான எஸ். மகராஜன், கலெக்டரான தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் உருவானவர்கள். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் அதை ஒருமுறை சொல்வார். நிறுத்துவார். ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொல்வார், அதன் ஓசை காதில் இறங்கும்வரை. அடுத்த பாட்டுக்குப் போக யாருக்கும் அவசரம் இருக்காது.

அந்த வீட்டுக்காரர்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954).

சட்டம் படித்தவர் அவர். கோர்ட்டில் நாலு காசு சேர்த்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு தமிழைப் படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினர். அடுத்து 1935 வரை இந்து அறநிலைய வாரிய ஆணையர். பதவிக்காலம் முடியட்டும் என்று கவிதை காத்துக் கிடக்கவில்லை. குற்றாலத்தில் குடியேறிய பிறகு ராஜாஜியும் கல்கியும் அங்கே அவரைத் தேடி வந்தார்கள்.

கையருகே இருப்பதை உடனே சுவைப்பதற்கும் தள்ளிப்போடுவதற்கும் நெல்லையில் இன்றும் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலத்தில்தான் திறக்கும். கொஞ்ச நேரத்தில் அல்வா தீர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வரிசை நீளும். திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம். அங்கே வெங்கடாசலபதி கோயிலில், இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவனின் விலா எலும்பு கல்லிலே தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்க்கிறார்கள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவரைக் கேட்டால், "எங்க போயிரப் போவுது, பொறவு பாத்துக்கிடலாம்" என்பார்.

இந்தப் 'பொறவு'தான் ஆளை ஏமாற்றுகிறது. சுசான் ஷூ, அயெலெட் க்னீசி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். கேக் கடைக் கூப்பனைச் சிலருக்கு 3 வாரக் கெடுவோடும், வேறு சிலருக்கு 2 மாதக் கெடுவோடும் கொடுத்தார்கள். நிறைய நாள் கிடைத்தவர்கள்தான் அதிகமாக வீணாக்கினார்கள். கசப்பான வேலையைத் தள்ளிப்போடுவது தெரிந்த கதை. மனம் இனிப்பையும் அப்படியே தள்ளிப்போடுகிறது. நாளைக்கு இன்னும் ஓய்வாக இருப்போம் என்ற நம்பிக்கைதான் காரணம்.

டி.கே.சி.க்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. கவிதை எழுதத் தெரிந்த அவருடைய மகன் தீத்தாரப்பன் இளம்வயதிலேயே இறந்துபோனார். நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். மகனைப் பறிகொடுத்த தகப்பன், அந்தத் துக்கத்திலும் பாட்டின் அழகைக் கண்டு வியந்து கவிமணிக்குப் பதில் எழுதினார். கல்நெஞ்சம் என்று சிலருக்குத் தோன்றலாம். வட்டத்தொட்டியில் அத்தனை ஞாயிறும் உட்கார்ந்து அவர் பழகிக்கொண்டது இதைத்தான்: பாட்டு வந்து சேரும் நேரத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்பது. அன்று வந்தது சொந்த மகனைப் பற்றிய பாட்டு.