கொல்லிமலை என்றால் 70 வளைவு மட்டும்தானா?

காரவல்லியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் கொல்லிமலைக்கு விளம்பரம். வெளியூர் பைக்காரர்களுக்கு அது சாகசம். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கோ மிளகு மூட்டை இறங்குவதும் அவசர நோயாளி நாமக்கல் போவதும் பெரும்பாலும் அதே வழியில்தான். அங்கே பந்தயம் விட்டால் முகம் சுளிக்கத்தானே செய்வார்கள்? கூட்டம் வந்தால்தானே காசு என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் சோளக்காடு சந்தையில் அன்னாசியும் பலாவும் வாங்குகிறவரால்தான் காசு வரும். வளைவில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவரால் என்ன வரும், குப்பையைத் தவிர? ஆடி 17, 18-ல் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா அந்த வளைவுகளைவிட நல்ல விளம்பரம். மலையை ஆண்ட வள்ளலின் பெயரில் நடப்பதால் அதில் ஊர்க்காரருக்கும் பங்கு உண்டு. போகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது சாமையும் மிளகும் மலைக்காரரிடமே வாங்குங்கள்.