வீட்டு மிளகாய்க்குத் தோட்டத்து 'மருந்து' வேண்டாம்

வாசலோரத்தில் நான்கு மிளகாய்ச் செடிகளும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இல்லாத தோட்டக் குடியிருப்பைக் காண்பது அரிது. குழம்புக்கும் சம்பலுக்கும் வேண்டிய மிளகாயை வீட்டருகிலேயே பறித்துக்கொள்வது குடும்பச் செலவைக் குறைக்கும் நல்ல பழக்கமாகும். ஆயினும், காய்க்கும் பருவத்தில் இலைகள் சுருளத் தொடங்கியதும் சிலருக்குத் தோட்டத்து மருந்துக் கொட்டகையே நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து சிறிதளவைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது பெருந்தீங்கில் முடியக்கூடும்.

களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் நாம் 'மருந்து' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். பெயர் மருந்தாயினும் பொருள் நஞ்சே. களைக்கொல்லி பூச்சியைப் போக்காது; மிளகாய்ச் செடியையே கருக்கிவிடும். தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, ஒரு வாயளவு உட்சென்றாலும் உயிரைப் பறிக்க வல்லது. அதற்கு முறிமருந்து இல்லை. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. பூச்சிக்கொல்லியோ காயில் தங்கி உணவோடு உட்செல்லக்கூடும். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது அதன் புட்டியில் ஒட்டிய தாளில் குறிக்கப்பட்டிருக்கும். வேறு போத்தலுக்கு மாற்றினால் அவ்விவரம் நம் கைக்கு வாராது. மேலும், குளிர்பானப் போத்தலில் இருப்பதைக் குழந்தை குளிர்பானம் என்றே எண்ணும்.

அவ்வாறாயின் செடியைக் காப்பது எப்படி? முதலில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கூட்டமாக ஒட்டியிருப்பவை அசுவினிகள். தொட்டதும் வெண்மையாகப் பறப்பவை வெள்ளை ஈக்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேனும், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிலந்திப்பேனும் காரணமாகும். பின்னர் கீழ்க்கண்டவாறு செய்யலாம்:

1. பூச்சி மொய்த்த நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினிகள் பெருமளவு உதிர்ந்துவிடும்.

2. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரைக் கலந்து, மாலை வேளையில் இலையடி நனையத் தெளியுங்கள். முதல்நாள் ஓர் இலையில் மட்டும் தெளித்து, அது கருகாமை கண்டு தொடருங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்க. காயைக் கழுவிச் சமைத்தல் வேண்டும்.

3. எறும்பு ஏறாமல் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைக் காவல் காக்கிறது. பொறிவண்டுகளைக் கொல்லாதீர்கள், அவை அசுவினிகளைத் தின்னும் நண்பர்கள்.

4. இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தேமல் படர்ந்து செடி குன்றினால், அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இல்லை. அச்செடியைப் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

5. புழு வைத்து உதிர்ந்த காய்களை மண்ணில் விடாமல் அன்றாடம் பொறுக்குங்கள். இதனால் பழ ஈக்கள் பெருகுவது குறையும்.

எவரேனும் தவறுதலாக நஞ்சை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாதீர்கள். நலமாகத் தோன்றினும் காத்திராமல், புட்டியையோ அதில் ஒட்டிய தாளையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

வாடிய செடிக்கு மாற்றாக வேறொரு நாற்றை நடலாம். இழந்த உயிரை மீட்க இயலாது. ஆதலின், தோட்டத்து நஞ்சு கொட்டகையைத் தாண்டி வீட்டுவாசலுக்கு வாராமல் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.