விசா வக்கீல் அசலா, போலியா? பணம் கட்டும் முன்பு பாருங்க!

சென்னை நகரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் விசா போர்டுதான். "கனடா போகலாம்!", "ஆஸ்திரேலியாவில் குடியேறலாம்!" என்று கொட்டை எழுத்தில் அழைப்பு. உள்ளே நுழைந்தால் ஏ.சி. அறை, சுவரில் நாலு நாட்டுக் கொடி, மேஜைக்குப் பின்னால் கோட்டு-சூட்டு ஆசாமி.

"கவலையை விடுங்க சார். உங்க பையன் போய்ச் சேர்ந்த மாதிரிதான். எல்லாத்தையும் நம்ம வக்கீல் பார்த்துப்பார்" என்பார். ரசீது கேட்டால் மட்டும் முகம் மாறும். "நம்பிக்கைதானே சார் முக்கியம்?" என்று மழுப்புவார்.

குமாஸ்தாவின் பி.எப். பணமும், கடைக்காரர் அடகு வைத்த நகையும் கை மாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த வக்கீல் யார்? அவருக்கு லைசென்சு கொடுத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதிப்பேர் பிழைத்துக்கொள்ளலாம்.

எந்த நாட்டு லைசென்சு?

குடியேற்றச் சட்டம் என்பது போகப்போகிற நாட்டின் சட்டம். ஆகவே லைசென்சும் அந்த நாட்டுடையதாக இருக்க வேண்டும். நம்ம ஐகோர்ட்டில் பெயர் வாங்கிய வக்கீலாக இருந்தாலும், அதை வைத்துக்கொண்டு கனடா விசா மனுவுக்குப் பிரதிநிதி ஆகிவிட முடியாது.

கனடா விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக இருக்க, அந்நாட்டு மாகாண சட்டச் சங்க உறுப்பினராகவோ, கியூபெக் மாகாண நோட்டரியாகவோ, குடியேற்ற ஆலோசகர் காலேஜின் லைசென்சு பெற்றவராகவோ இருக்க வேண்டும். காலேஜ் என்றதும் பாடம் நடத்தும் இடம் என்று நினைக்க வேண்டாம். ஆலோசகர்களைக் கட்டுப்படுத்த 2021 நவம்பரில் தொடங்கிய அமைப்பு அது.

அமெரிக்காவில் குடியேற்றம் மத்திய அரசின் சட்டம். அதனால் ஏதாவது ஒரு மாநிலத்தில் வக்கீல் லைசென்சு இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் பதிவான ஏஜெண்டுக்கு 7 இலக்க எண் உண்டு.

இந்தப் பதிவேடுகளை இண்டர்நெட்டில் காசில்லாமல் பார்க்கலாம். இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. அசல் வக்கீலின் பெயரைப் போலி ஆசாமி திருடிக்கொள்வார். ஆகவே விசிட்டிங் கார்டில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள நம்பருக்குப் பேசிக் கேட்பதே நல்லது.

மறைந்திருக்கும் 'பேய்'!

வக்கீல் ஆஜரானால் அமெரிக்காவுக்கு ஜி-28 என்ற படிவம், கனடாவுக்கு ஐ.எம்.எம். 5476 என்ற படிவம் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், பையனே போட்ட மாதிரி போட்டுடலாம்" என்று சொன்னால் உஷார்! காசை வாங்கிக்கொண்டு பெயரை மறைப்பவரைக் கனடாவில் 'பேய் ஆலோசகர்' என்றே அழைக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. மனுவில் பொய் இருந்தால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான். கனடா 5 ஆண்டுக்குக் கதவைச் சாத்தும். அமெரிக்கா ஆயுள் முழுக்கச் சாத்தலாம்.

2023-ல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் கதி இதுதான். ஜலந்தர் ஏஜெண்டு வாங்கிக் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி. படித்து முடித்து, நிரந்தரமாகத் தங்க மனு போட்டபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. நாடு கடத்தல் அபாயம் வந்து தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஏஜெண்டுக்கு வான்கூவர் கோர்ட்டு 2024 மே மாதம் 3 ஆண்டு ஜெயில் விதித்தது. ஆனால் பையன்கள் பட்ட பாடு பட்டதுதான்!

கேட்க வேண்டியவை

* லைசென்சு நம்பர் என்ன? எந்த அமைப்பு கொடுத்தது?

* படிப்பு, வேலை, குடும்பம் என்று நம்ம மனு எந்த வகையோ, அந்த வகையில் அனுபவம் உண்டா?

* வக்கீல் பீஸ் எவ்வளவு, அரசாங்கக் கட்டணம் எவ்வளவு? தனித்தனியாக எழுதிக் கொடுப்பாரா?

* மனுவின் முழு நகலும், மனு எண்ணும், பாஸ்வேர்டும் நம்ம கையில் தருவாரா?

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. "100 சதவீதம் கியாரண்டி" என்றால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்த நாட்டு அதிகாரியின் கையில்.

எல்லோருக்கும் வக்கீல் தேவையுமில்லை. சாதாரண சுற்றுலா விசா படிவத்தை வீட்டிலேயே நிரப்பலாம். ஏற்கனவே விசா மறுக்கப்பட்டவர், போலீஸ் கேஸ் உள்ளவர், கெடு தாண்டித் தங்கியவர் ஆகியோருக்குத்தான் நல்ல வக்கீல் அவசியம்.

வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னால் விஷயமே வேறு. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டியல் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்தி வருகிறது.

உள்ளூர் வக்கீல் எதற்கு?

ஏமாந்த பிறகு கை கொடுப்பவர் உள்ளூர் வக்கீல்தான். மோசடிப் புகார், பணத்தை மீட்கும் வழக்கு எல்லாம் நம்ம ஊர் கோர்ட்டு வேலை. அவரையும் போர்டைப் பார்த்துத் தேட வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது ரசீதும், பாங்கு கணக்கும், ஒப்பந்தமும் கையில் இருந்தால் புகாருக்குப் பலம். ரசீதில்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர், கொடுத்ததை நிரூபிக்கவே அலைய வேண்டிவரும்.