கோதுமை ஒவ்வாத குடல்

உணவு இறைவனின் அருட்கொடை. ஆயினும் ஒருவருக்கு உரமாகும் உணவு மற்றொருவருக்கு நோயாவதும் உண்டு. பரோட்டா, சப்பாத்தி, ரொட்டி, பெருநாள் காலையில் சேமியா என்று நம் இல்லங்களில் கோதுமை பல வடிவங்களில் நிறைந்துவிட்டது. நீரிழிவு என்றவுடன் அரிசியைக் குறைத்துக் கோதுமைக்கு மாறுவோரும் பலர். அந்தக் கோதுமையே சிலருடைய குடலைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்களா?

பசையின் பெயர் குளூட்டன்

பிசைந்த கோதுமை மாவை நீரில் கழுவிப் பாருங்கள். மாவுச்சத்து கரைந்தோட, ரப்பர் போன்ற பசை கையில் எஞ்சும். அதுவே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும் அதனால்தான். பார்லியிலும் இதன் உறவான புரதம் உண்டு.

சிலருடைய உடலின் காப்புப் படை இப்புரதத்தைப் பகைவனாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்தச் சிறுகுடலே. உணவின் சத்தை ஈர்க்கும் நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதுவே சீலியாக் நோய். வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடைக்குறைவு ஆகியன இதன் அடையாளங்கள். வயிற்றில் எவ்விதத் தொல்லையும் இன்றி இது மறைந்திருப்பதும் உண்டு. வளராத குழந்தை, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை, அடிக்கடி நேரும் கருச்சிதைவு ஆகியவற்றின் பின்னணியிலும் இந்நோய் இருக்கக்கூடும். "மருமகள் ராசியில்லாதவள்" என்று பழி சுமத்துமுன் மருத்துவரை நாடுவதன்றோ நீதி!

பஞ்சம் உணர்த்திய உண்மை

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியது, ரொட்டி அரிதாயிற்று. ஊரே பசியால் மெலிந்தபோது இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி வந்ததும் நோயும் திரும்பியது. அவர் தம் ஆய்வை 1950-இல் நூலாக அளித்தார்.

2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, வடபகுதியில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் இந்நோயின் அடையாளமான எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் கண்டது. இதற்கு இடந்தரும் மரபணுக்கள் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. பெரிதும் வேறுபட்டது, உண்ட கோதுமையின் அளவு. அரிசியிலிருந்து கோதுமைக்கு மாறிவரும் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

மூன்றும் ஒன்றல்ல

கோதுமையால் வரும் தொல்லை எல்லாம் சீலியாக் அன்று. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் அது கோதுமை ஒவ்வாமை. மூச்சு முட்டுமாயின் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குடல் சிதையாமல் உப்புசமும் வலியும் மட்டும் தருவது மூன்றாம் வகை. அவ்வகையில் சிலருக்குக் காரணம் குளூட்டனே அன்று. கோதுமையிலுள்ள ஒருவகை மாவுப்பொருள்.

ஆதலால் ஐயம் எழுந்ததும் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தத்தில் அடையாளம் மறைந்து, குடலும் ஓரளவு ஆறி, சோதனை நோயைக் காட்டாமற் போகும். ஒவ்வாமையின் அறிகுறி இருந்தால் மட்டுமே உடனே விலக்க வேண்டும். முதலில் இரத்தப் பரிசோதனை. தேவையாயின் உள்நோக்கிக் கருவி வழியே சிறுகுடல் திசுச் சோதனை. ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்வது நலம்.

அடுப்பங்கரையில் கவனம்

சீலியாக் நோய்க்கு மருந்து உணவுக் கட்டுப்பாடே; அதுவும் வாழ்நாள் முழுவதும். ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், ரஸ்க், பார்லிக் கஞ்சி அனைத்தும் விலக்கத்தக்கவை. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. கோதுமை அரைத்த மில்லில் அரிசியை அரைத்தால் அம்மாவு இவர்களுக்கு ஆகாது. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, பருப்பு, இறைச்சி, மீன் ஆகியவற்றுக்குத் தடையில்லை. இடியாப்பமும் அரிசிப் பத்திரியும் நமக்குப் புதியனவா என்ன?

ரமளானில் அரிசி நோன்புக் கஞ்சி நல்லதே. ரவையோ கூட்டுப் பெருங்காயமோ சேராதிருத்தல் வேண்டும். சமோசாவும் ஹலீமும் ஆகா. நோன்பு நோற்பது பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது.

விருந்தில் "ஒரு வாய்தானே, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவது நம் பண்பு. இந்நோயாளிக்கு அந்த ஒரு வாயும் தீங்கே. பெருநாளன்று அவருக்கென அரிசிச் சேமியாவையோ ஜவ்வரிசிப் பாயசத்தையோ தனிப் பாத்திரத்தில் ஆக்கி வையுங்கள். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிறர் உடலைப் பேண உதவுவதும் அந்த அமானிதத்தைக் காப்பதே ஆகும்.