பத்து வயதில் பெரிய மனுஷி, இருபத்தைந்தில் சின்னப்பிள்ளை

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை அந்த ஊர் மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். இலங்கையில் தமிழருக்கு எதிராக 1983இல் நடந்த கறுப்பு ஜூலை வன்முறைக்குப் பின் கூடிய புலப்பெயர்வு, போர் நீள நீளப் பெருகியது. டொரன்டோவின் ஸ்கார்பரோ இன்று பல்லாயிரம் தமிழரின் ஊர். அங்கே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பிணக்கு என்றால் உடை, சாப்பாடு, 'வெள்ளைக்காரப் பழக்கம்' என்றே பேச்சுப் போகிறது. எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. பிணக்கு அதற்கு வெகு முன்பே, வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களோடு தொடங்கிவிடுகிறது.

அப்பா பகலில் தொழிற்சாலையிலும் இரவில் உணவகத்திலும் வேலை செய்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். குடிவரவு அலுவலகக் கடிதம், வங்கிப் பத்திரம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது பத்து வயதான மூத்த மகள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அவளைப் பற்றிச் சொல்லும் குறையை அவளே தமிழில் சொல்கிறாள். "பிள்ளை, டொக்டர் என்ன சொல்லுறார்?" என்று அம்மா கேட்கும்போது, எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அந்த வயதில் முடிவெடுக்கிறாள். ஒரு குடும்பத்தின் பாரம் அது.

அவளுக்கே இருபத்தைந்து வயதாகி, தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றி வாய் திறந்தால், "உனக்கென்ன மோனை தெரியும், நீ சின்னப்பிள்ளை" என்கிறார்கள். அடுத்து வருவது, "ஆக்கள் எந்த ஊர்?" ஊரைக் கேட்பது சாதியை அறியத்தான். அதுவரை வீட்டில் சாதிப் பேச்சையே கேட்டிராத எத்தனையோ பிள்ளைகள் தங்கள் சாதியை அறிவதே கல்யாணப் பேச்சின்போதுதான். இதைப் பண்பாடு என்று என்னால் ஏற்க முடியாது. தம்பி நடுச்சாமத்தில் வரலாம், அக்கா எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்பதையும்தான்.

பெற்றோரின் பயம் பொய்யல்ல. கனடாவுக்கு வர ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசு வட்டிக்கு வாங்கியது. ஊரில் தங்கச்சிக்குச் சீதனம் அனுப்ப வேண்டியிருந்தது. இத்தனை பட்டும் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம் இயல்பு. ஆனால் ஷெல் விழுந்த இரவையும், வழியில் பட்ட பாட்டையும், விட்டுவந்த உறவுகளையும் பலர் பிள்ளைகளிடம் சொல்வதேயில்லை. காரணம் தெரியாத பிள்ளைக்குக் கட்டுப்பாடு மட்டும்தான் கண்ணில் படுகிறது.

2009 மே 10 அன்று, இலங்கையின் வன்னியில் போரின் கடைசி நாட்களில், டொரன்டோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர் ஏறி அமர்ந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகளோடு தாய்மார் வந்திருந்தார்கள். பெருந்தொகையாக இளையோரும் இருந்தார்கள். "தமிழெண்டால் என்னெண்டே தெரியாது" என்று வீட்டில் ஏச்சு வாங்கிய தலைமுறை அது. பார்த்தே இராத ஊருக்காகத் தெருவில் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வேரில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் வந்த கதையை முழுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கடனுக்கு மகளின் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்களே, அவளுடைய கல்யாணத்திலும் அவள் சொல்லை நம்புங்கள்.