படகுக்குப் பெட்ரோல் ஊற்றும் முன்

எல்லாக் கடற்கரையிலும் பெட்ரோல் பங்க் இருப்பதில்லை. கேனில் வாங்கிக் கரைக்குச் சுமந்து வந்துதான் படகுக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. மும்பையில் சிறு படகு வைத்திருக்கும் நம் அன்பர்கள் சிலவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலில் கேன். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். உலோகக் கலம் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். 25 லிட்டர் பெட்ரோல் சுமார் 18 கிலோ எடை. ஆடும் படகில் தூக்கிச் சாய்க்க 10 லிட்டர் கேனே வசதி.

பங்கில் கேனைத் தரையில் வைத்தே நிரப்புங்கள். வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தேங்கிப் பொறி பறக்கலாம். வெயிலில் பெட்ரோல் விரியும், கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும். பிறகு ஒரு சுவிட்சின் பொறி போதும். ஆகவே கழற்றக்கூடிய டாங்கியைக் கரையில் இறக்கி நிரப்புங்கள். படகோடு பொருத்திய டாங்கி என்றால், எஞ்சினையும் ஸ்டவ்வையும் அணைத்து, ஆட்களை இறக்கி, அறைக் கதவுகளை மூடிவிட்டு ஊற்றுங்கள். சிந்தியதைத் துடைத்து, எல்லாவற்றையும் திறந்து காற்றோட விடுங்கள். அடித்தளத்தில் வாடை அறவே இல்லையென்றால்தான் எஞ்சினைக் கிளப்பலாம்.

குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோலுக்கென்றே செய்த கைப்பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

ஐந்து நிமிடம் தாமதமானால் கடல் எங்கும் போய்விடாது.