மரம் குடையும் எந்திரம்: வீட்டில் ஒரு சி.என்.சி. ரௌட்டர்

வேகமாகச் சுழலும் ஒரு வெட்டுமுனையைக் கணினியின் கட்டளைப்படி மூன்று திசைகளில் நகர்த்தி, மரம், பிளைவுட், எம்.டி.எஃப்., அக்ரிலிக் ஆகியவற்றைக் குடைந்தும் அறுத்தும் வடிவம் கொடுக்கும் எந்திரமே சி.என்.சி. ரௌட்டர். தச்சர் கையில் பிடித்து ஓட்டும் ரௌட்டரும் இதுவும் வெட்டும் விதத்தில் ஒன்றுதான். அங்கே கை நகர்த்துகிறது, இங்கே மோட்டார் நகர்த்துகிறது. இடம் வலமாக ஓடுவது எக்ஸ் அச்சு, முன்னும் பின்னும் ஓடுவது ஒய், ஏறி இறங்குவது இசட்.

எண்களைக் கொடுத்து எந்திரத்தை ஓட்டும் யோசனை அமெரிக்காவில் பிறந்தது. ஜான் பார்சன்ஸ் தொடங்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சியாக, துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் எந்திரத்தை எம்.ஐ.டி. 1952இல் இயக்கிக் காட்டியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு அது பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது. கோயம்புத்தூரில் எல்.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் சி.என்.சி. எந்திரங்களும் ஆலைகளுக்கானவையே. 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ என்ற மலிவான மின்னணுப் பலகை வந்தது. அதில் ஓடும் ‘ஜெர்பில்’ என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் எழுதி இலவசமாக வெளியிட்டார். எந்திரம் வீட்டுத் திண்ணைக்கு வர இந்த இரண்டும் வழிவிட்டன.

இந்த எந்திரத்தைக் கட்டத் தேவையான நுணுக்க வேலை திண்டுக்கல்லுக்கு அந்நியமானதல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, பட்டறைக் கைகளில் உருவாவது. பூட்டின் உள்ளே இருக்கும் லீவர் தகடு சாவிக்கு இணங்கும்வரை அரத்தால் ராவப்படுகிறது. தகடு தடையில்லாமல் அசைய வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது. பட்டறையில் இந்த ஆட்டத்துக்கு ‘ப்ளே’ என்று பெயர். சி.என்.சி. ரௌட்டர் கட்டுவதில் பாதி வேலை இந்த ப்ளேயை ஒழிப்பதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் மின்னணுப் பலகையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் பலகை வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். எந்திரத்தின் தரத்தைத் தீர்மானிப்பது சட்டகம்.

சட்டகத்தின் முதல் விதி: சிறியதாகக் கட்ட வேண்டும். ஒரே விசைக்கு, தாங்கும் சட்டத்தின் நீளம் 2 மடங்கானால் அது வளைவது 8 மடங்காகும். முதல் எந்திரத்துக்கு 300 மி.மீ. அகலம், 400 மி.மீ. நீளம் கொண்ட வெட்டுப்பரப்பு போதும். எம்.டி.எஃப். பலகையில் சட்டகம் கட்டுவது மலிவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரம் குடித்து உப்பும். கோடையில் நேராக நின்ற அச்சு கோணும். பள்ளம் வெட்டிய அலுமினியச் சட்டங்கள் விலை கூடுதல் என்றாலும், போல்ட் மட்டும் போட்டு முடுக்கிவிடலாம், கழற்றித் திருத்தவும் செய்யலாம். இரும்புச் சதுரக் குழாயில் வெல்டிங் வைத்தால் உறுதி கிடைக்கும். ஆனால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும் என்பதால், அச்சு ஓடும் ரெயில் பதியும் பரப்பைப் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்ய வேண்டியிருக்கும்.

அச்சு ஓடுவதற்கு இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட உருண்டைக் கம்பியைவிட, நீளம் முழுவதும் சட்டத்தோடு திருகப்படும் லீனியர் ரெயில் மேலானது. கம்பி நடுவில் தொய்யும். அச்சைத் தள்ள 8 மி.மீ. லீட் ஸ்க்ரூ சிறிய எந்திரங்களுக்குப் பயன்படுகிறது. கையில் பணம் இருந்தால் 16 மி.மீ. விட்டமும் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் உள்ள பால் ஸ்க்ரூ வாங்கலாம். ப்ளே குறைவதை முதல் வெட்டிலேயே காணலாம்.

திருகைச் சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் போல ஓடிக்கொண்டே இராமல், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் 1.8 பாகை மட்டும் திரும்பி நிற்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். முகப்பு ஏறத்தாழ 42 மி.மீ. உள்ளது நெமா 17, 57 மி.மீ. உள்ளது நெமா 23. மரம் வெட்ட நெமா 23 ஏற்றது. மோட்டாருக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே நிற்கும் டிரைவர், ஒவ்வொரு அடியையும் மேலும் சிறு கூறுகளாகப் பிரிக்கும். 8 கூறு வைத்தால் சுற்றுக்கு 1,600 துடிப்பு. திருகு 5 மி.மீ. நகர்த்தினால் ஒரு மி.மீ.க்கு 320 துடிப்பு. இந்த எண்ணை ஜெர்பிலில் பதிய வேண்டும். பிறகு 100 மி.மீ. நகரச் சொல்லி வெர்னியரால் அளந்து பார்க்கலாம். 50 அல்லது 200 என்று வந்தால் டிரைவரின் சிறு சுவிட்சுகள் தவறாக இருக்கின்றன என்று பொருள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் எரிந்துபோகலாம்.

வெட்டும் தலைக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ட்ரிம் ரௌட்டரே தொடக்கத்துக்குப் போதும். வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் ஓடும். சத்தம் அதிகம், கார்பன் பிரஷ் தேயும், ஆனால் கெட்டால் ஊரிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம்.

மின்வெட்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. அடிகளை எண்ணித்தான் இடம் கணக்கிடப்படுகிறது. மின்சாரம் போனால் கணக்கும் போய்விடும். மூன்று அச்சுகளின் ஓரத்திலும் லிமிட் சுவிட்ச் வைத்திருந்தால், மின்சாரம் வந்ததும் எந்திரம் ஓரம்வரை சென்று தொட்டுத் தன் இடத்தை மீண்டும் அறியும். வேலையின் தொடக்கப் புள்ளியை ஜி54 என்ற இடத்தில் பதிந்திருந்தால் ஜெர்பில் அதை அழியாமல் வைத்திருக்கும், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். சில நூறு ரூபாய் சுவிட்ச், பாதி குடைந்த தேக்குப் பலகையைக் காப்பாற்றும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு ஃபேனும் தூசி வடிகட்டியும் கட்டாயம். கோடை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே டிரைவர்கள் சீக்கிரம் சூடேறி அடிகளைத் தவறவிடும்.

மென்பொருள் பக்கம் செலவே இல்லை. இங்க்ஸ்கேப்பிலோ ஃப்ரீகேடிலோ வரைந்து, வெட்டும் பாதையை ஜி-கோட் என்ற கட்டளை வரிகளாக மாற்றி, யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் வழியாக எந்திரத்துக்கு அனுப்பலாம்.

வெட்டுமுனை போடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் ஒரு வட்டம் வரைய வைப்பது நல்ல சோதனை. வட்டத்தின் மேல், கீழ், இட, வலப் புள்ளிகளில்தான் ஏதோ ஓர் அச்சு திசை திரும்புகிறது. ப்ளே இருந்தால் அந்த நான்கு இடங்களில் கோடு தட்டையாகவோ சிறு படியாகவோ தெரியும். திருகின் நட்டையும், அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கையும் இறுக்கி, வட்டம் வட்டமாகும்வரை திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அடுத்தது மூலைமட்டம். ஒரு புள்ளியிலிருந்து எக்ஸ் அச்சில் 150 மி.மீ., ஒய் அச்சில் 200 மி.மீ. தள்ளிக் குறி வைத்தால், அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 250 மி.மீ. இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அச்சுகள் செங்கோணத்தில் இல்லை.

வெட்டும் வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 15,000 சுற்று, முனையில் 2 விளிம்பு, விளிம்புக்கு 0.04 மி.மீ. சீவல் என்று பெருக்கினால் நிமிடத்துக்கு 1,200 மி.மீ. நகர்வு வரும். 3 மி.மீ. முனைக்கு ஒரு முறைக்கு 1 மி.மீ. ஆழம் போதும். பயந்து மெதுவாக ஓட்டுவது தொடக்கக்காரர்களின் பொதுவான தவறு. மெதுவாக ஓடும் முனை வெட்டாமல் தேய்க்கும். சூடேறும், மரம் கருகும். வேகம் சரியாக இருந்தால் வேப்பம் பலகையிலிருந்து தெறிப்பது விரலால் எடுக்கக்கூடிய சிறு சீவல். மாவு போன்ற தூளும் கருகிய வாடையும் வந்தால் நகர்வைக் கூட்ட வேண்டும், அல்லது சுற்றைக் குறைக்க வேண்டும். பித்தளையில் பெயர் பொறிப்பது இந்த எந்திரத்தால் முடியும். இரும்பு முடியாது, முயலவும் வேண்டாம்.

முதல் உண்மையான வேலையாக, எந்திரம் தன் மேசைமேல் திருகிய எம்.டி.எஃப். பலகையைத் தானே சீவிச் சமன்செய்துகொள்ள வேண்டும். பிறகு அதன்மேல் கிடத்தும் எந்தப் பலகையும் வெட்டுமுனைக்கு ஒரே ஆழத்தில் இருக்கும். சீவும்போது பறக்கும் எம்.டி.எஃப். தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்த சுவிட்ச் வேண்டும். கையுறை மட்டும் கூடாது: சுழலும் முனை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.